டிரம்ஸ் இல்லாத ஏழாவது பாட்டு

கல்லூரி நாளிலிருந்து ஹார்ட் ராக் வாசிக்கும் என் நண்பன், அறுபது வயதில் ஓர் ஆல்பம் செய்தான். கரமனை ஆறு மலையில் பிறந்து கடலில் சேரும்வரை ஒரே கதை, ஒன்பது பாட்டு. பழையபடி என்னை டிரம்ஸ் வாசிக்கக் கூப்பிட்டான். வேலை முடிந்து வந்தால் உட்காரத்தான் தெம்பிருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

ஆல்பம் இணையத்தில் வெளிவந்தது. யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. நானும்தான். சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், பஸ் நெரிசலில் நின்றுகொண்டே முதலிலிருந்து கேட்டேன். மற்ற பாட்டுகளுக்கு வேறொருவர் டிரம்ஸ் வாசித்திருந்தார். ஆறு நகரத்துக்குள் நுழையும் ஏழாவது பாட்டில் மட்டும் கிட்டார் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் செய்தேன். "ஏழாவதுல டிரம்ஸ் விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகலைடா. மறந்துட்டியா, அது நாம காலேஜ்ல சேர்ந்து போட்ட மெட்டு. வேற ஆளை வாசிக்கவிட மனசு வரலை," என்றான். "இதுவரைக்கும் யாரும் அதைக் கேக்கலை. நீதான் முதல்ல கேக்கறே."

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தேன். அவன் கிட்டாரில் ஏழாவது பாட்டைத் தொடங்கினான். பாதிப் பாட்டிலேயே தோள் வலித்து, குச்சிகளைக் கீழே வைத்துவிட்டேன். அவன் நிறுத்தவில்லை. அங்கேயே உட்கார்ந்து மீதியைக் கேட்டேன்.