ஒன்பதாவது சட்டை

நான் குடியிருக்கும் இங்கிலாந்துச் சிற்றூரில், புதுத் துணியை அழுக்காக்குவதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, நாற்பது தேயிலைப் பைகளைப் போட்டு, சாயம் நன்றாக இறங்கியதும் துணியை முக்கி எடுக்க வேண்டும். காய்ந்த பிறகு முழங்கைப் பக்கத்தைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து நூல் பிரிய விட வேண்டும். இலங்கையில் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். பிறகு என் சமையலறையிலேயே பாத்திரத்தை வைத்து, ஒன்பது லினன் சட்டைகளுக்குக் கறை ஏற்றினேன். அந்தத் தேயிலை வாடை வீடெங்கும் பரவியது. வாடை போகட்டும் என்று குளிரையும் பாராமல் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

இந்த ஊரில் சிலர் சனி ஞாயிறுகளில் எழுநூறு வருடங்களுக்கு முன்னால் போய்விடுகிறார்கள். அதற்கு மெடீவல் ரீஎனாக்ட்மென்ட் என்று பெயர். வார நாட்களில் குழாய் திருத்துகிறவரும் பல் வைத்தியரிடம் வேலை செய்கிற பெண்ணும் இடிந்த கோட்டைக்குப் பக்கத்துத் திடலில் கூடாரமடித்து, பிரபுவாகவும் போர்வீரனாகவும் பண்ணையாளாகவும் மாறுவார்கள். விளையாட்டுத்தான், ஆனால் சட்டம் கடுமையானது. அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு அங்கே வந்திருக்கவில்லையாம், அதனால் சமைக்கக்கூடாது. வெளியே தெரியும் தையலில் மெஷின் ஓடியிருக்கக்கூடாது. கழுத்துப் பட்டியைப் புரட்டிப் பார்ப்பதற்கே ஓர் ஆள் உண்டு.

என்னை அங்கே கூட்டிப்போனது ஜேனட். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தன் தகப்பனைப் பார்க்க வருகிறவர். அந்தக் குழுவின் உடுப்புகள் எல்லாம் அவர் பொறுப்பு. கிழவரின் கோட்டுக்கு நான் பொத்தான் தைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, கொடி ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். பதுளையில் கார்மென்ட் தொழிற்சாலை ஒன்றில் நாலு வருடம் சட்டையின் இடது கையை மட்டுமே தைத்தவள் நான். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று எனக்கே சந்தேகம். ஆனாலும் சரி என்றுவிட்டேன். பச்சைக் கம்பளித் துணியில் வெள்ளை நாரை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும். நூலுக்குத் தேன்மெழுகு தடவித் தடவி மூன்று கிழமை தைத்தேன். அதைக் கம்பத்தில் ஏற்றிக் காற்றுப் பிடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். என் பெயரைக் கேட்டு, சரியாக வரும்வரைக்கும் புனிதா, புனிதா என்று சொல்லிப் பார்த்தார்கள். இந்த ஊருக்கு வந்து ஆறு வருடத்தில் என் பெயரை இரண்டாம் முறை கேட்டவர்கள் அவர்கள்தான். கிடைத்த அந்த இடம் என் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயமும் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அடுத்ததாகப் பண்ணையாட்களின் ஒன்பது சட்டைகளைத் தைக்கும் வேலை வந்தது. எட்டு அவர்களுக்கு, ஒன்பதாவது எனக்கு. நானும் நடிக்க வேண்டும் என்று ஜேனட் ஆசைப்பட்டார். எனக்கு ஆலிஸ் என்று பெயர் வைத்தார்கள். பிரபுவின் கணக்கப்பிள்ளை தோல் சுருளை விரித்துப் பெயர் வாசிப்பார். பெயர் வந்தவர்கள் தலைத்துணியை இறக்கிவிட்டு, கையை உயர்த்தி நிற்க வேண்டும். ஒத்திகையில் மற்றவர்கள் சிரித்துச் சிரித்துத் தடுமாறினார்கள். நான் ஒரே தடவையில் நின்றேன். தோள் தானாகக் குறுகியது, பார்வை தானாகத் தரைக்குப் போனது. ஜேனட்டுக்கு வியப்புத் தாங்கவில்லை.

“எவ்வளவு இயல்பாக நிற்கிறாய். எங்கே பழகினாய்?”

“வீட்டில்” என்றேன்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். எல்லோரும் இப்படி வீட்டில் பழகிவிட்டு வர வேண்டும் என்று மற்றவர்களுக்குப் புத்தி வேறு சொன்னார். நான் திருத்தவில்லை. பெரட்டுக் களத்தை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? விடிந்தும் விடியாத குளிரில் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்குமாக வந்து வரிசை கட்டி நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு முடிக்கும்வரை தலைத்துணியைத் தோளில் இறக்கி, கை கட்டி, தரையைப் பார்த்து நிற்க வேண்டும். பிந்தி வருகிறவளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அம்மா நாற்பது வருடம் அப்படி நின்றவர். பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்த வரிசையைத் தாண்டும்போது நான் அம்மாவைப் பார்க்க மாட்டேன். அவரும் என்னைக் கூப்பிட மாட்டார்.

இவ்வளவும் ஒருபுறம் இருக்க, மூன்று மாத விசாவில் அம்மா வந்து இறங்கினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ராசா ராணி நாடகத்துக்குக் கொடி தைக்கிறேன் என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தேன். அந்தக் கொடியின் படத்தை லயம் முழுக்கக் காட்டி, என் மகள் சீமையில் ராசாவுக்குக் கொடி தைக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார் அம்மா. நான் அந்தக் கொடிக்குக் கீழே அழுக்குச் சட்டையோடு வரிசையில் நிற்கப்போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. கொழுந்துக் கூடை என் தலையில் ஏறக்கூடாது என்பதற்காகவே தன் தலையிலிருந்து அதை இறக்காதவர். மகள் இங்கிலாந்து வரை போய், விரும்பிப்போய், பெரட்டில் நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? நாடகம் நடக்கும் சனிக்கிழமை மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இந்த நாட்டில் அது பெரிய வேண்டுதல் இல்லை. ஆனால் அந்தக் கிழமை பார்த்து வெயில் கொளுத்தியது.

வியாழக்கிழமை பிற்பகல் வேலை முடிந்து வந்தேன். பின்பக்கத்துக் கொடிக்கயிற்றில் ஒன்பது சட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளை வெளேர் என்று, வெயிலில் கண் கூசியது. குளியலறையிலிருந்த ப்ளீச் போத்தல் காலியாக உருண்டு கிடந்தது. அம்மா புல்தரையில் உட்கார்ந்து, ஊறிச் சுருங்கிப்போன விரல்களை நீவிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“ராசா வீட்டு உடுப்ப இப்படியா போட்டு வைக்கிறது? ஒரே தேயிலைக் கறை. விடியக்காலத்துல இருந்து ஊற வச்சு அடிச்சிருக்கேன்.”

சனிக்கிழமை நாடகம். இடையில் ஒரே ஒரு நாள். ஜேனட்டின் முகம் கண்முன்னால் வந்தது. பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லிப் பார்த்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். “ஒங்கள யாரும்மா கழுவச் சொன்னது?” என்று கத்திவிட்டேன். கத்தத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. அது ராசா வீட்டு உடுப்பு இல்லை, பண்ணையாட்களுடையது, அழுக்காகத்தான் இருக்க வேண்டும், நானே மினக்கெட்டுக் கறை ஏற்றினேன், அந்த ஆட்களில் நானும் ஒருத்தி, பெயர் கூப்பிட்டால் கை தூக்கி நிற்கப்போகிறேன். மறைத்து வைத்திருந்த அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

அம்மா கயிற்றில் ஆடிய சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, “சும்மாவா நிக்கிற? கூலிக்கா?” என்று மட்டும் கேட்டார். சும்மாதான், ஆசைக்கு என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துப் போன முதல் மாதம். நான் கிளம்பப் பிந்திய ஒரு நாள், கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓடி வந்து என் வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துப் பட்டியைச் சரி செய்துவிட்டுப் போனார் அம்மா. அவருடைய பெருவிரல் அதில் பதிந்துவிட்டது. கொழுந்தின் பால் காயக் காயக் கறுத்துக்கொண்டே போகும். வகுப்பில் போய் நிற்கும்போது, மை தொட்டு வைத்த கைநாட்டுப் போலத் தெரிந்தது. யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர், நல்ல மனுசி, கிட்ட வந்து பார்த்தார். “இதென்ன பிள்ளை, கழுத்திலை கறை?” என்று கேட்டார். வகுப்பிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தேத்தண்ணி ஊற்றிவிட்டது என்றேன். எலுமிச்சம்புளி போட்டுத் தேய்த்தால் போகும் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். நானும் மடைச்சி மாதிரி அதை அப்படியே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். தேத்தண்ணிக் கறை என்று நான் சொன்னதையும் சேர்த்துத்தான். அம்மா பட்டியைப் பார்த்தார், பிறகு தன் பெருவிரலைப் பார்த்தார். அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை, கைகளில் துவாயைச் சுற்றிக்கொண்டுதான் அந்தச் சட்டையைத் தொட்டார். லயத்துப் பீலிக் குழாயில் விழும் தண்ணீரில் நீலம் போட்டு அலசுவார். தப்பித் தவறி விரல் பட்டால் மறுபடியும் அலசுவார். இத்தனை வருடத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் எழுந்து வந்தபோது அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா ஒரு சட்டையை மேசையில் விரித்து, கிண்ணத்தில் சாயத்தை எடுத்து, துணிப் பந்தால் ஒற்றிக்கொண்டிருந்தார். முழுக்க முக்குவதுதான் முறை என்று நான் சொன்னதற்கு நிமிர்ந்து பார்க்கவில்லை.

“முழுக்க முக்குனா சாயமுன்னு தெரிஞ்சு போகும். வேல செய்யிறவளுக்கு எங்கெங்க கறை படும்னு இருக்குல்ல.”

இடுப்பைச் சுற்றி, ஈரத்துணி உராயும் இடத்தில் அடர்த்தியாக. வலது கை ஓரத்தில். தலையிலிருந்து இறங்கும் கூடைக் கயிறு உராயும் தோளில் மங்கலாக ஒரு பட்டை. முகம் துடைத்த இடத்தில் கொஞ்சம். ஒவ்வொரு சட்டையையும் வேறு வேறு ஆள் உடுத்தி வேலை செய்தது போலச் செய்தார். அவர் கை ஓடிய வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. எட்டுச் சட்டை முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவி வைத்தார். ஒன்பதாவது, வெள்ளையாகவே, மடித்தபடி நாற்காலியில் இருந்தது.

“இது என்னோடதும்மா.”

“தெரியும். ஆசப்பட்டவங்க அழுக்க உடுத்தட்டும். ஒனக்கு என் கையால கறை போட மாட்டேன். ஒரு தடவ போட்டது போதும்.”

பாத்திரத்தில் சாயம் சூடாகத்தான் இருந்தது. நானே முக்கி எடுத்திருக்கலாம். அம்மா தூங்கிய பிற்பகலில் இரண்டு தடவை பக்கத்தில் போய் நின்றேன். முடியவில்லை. சாயத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, நாளைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை திடலில் ஜேனட் எட்டுச் சட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்துப் பட்டி பார்க்கிறவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இப்படி ஒரு வேலையைத் தான் கண்டதில்லை என்றார். யார் செய்தது என்று கேட்டபோது, பார்வையாளர்களைத் தடுத்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலியில், சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைக் காட்டினேன். நாடகங்களில் வேலை செய்தவரா என்று கேட்டார். இல்லை, இவற்றை உடுத்தியவர் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கையசைத்தார். பிறகுதான் என் சட்டையைக் கவனித்தார். பண்ணையாள் இவ்வளவு வெள்ளையாக இருக்க முடியாது என்றார். கோபமே இல்லாமல், அன்பாகத்தான் சொன்னார். வாசலுக்குப் பக்கத்துக் குழாயடியில் சேறு கிடக்கிறது, இரண்டு கை எடுத்துப் பூசினால் போதும் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

குனிந்து சேற்றை எடுத்தேன். குளிர்ந்து, வழுவழுவென்று இருந்தது. மார்பில் பூசக் கையைக் கொண்டுபோனபோது, அம்மா பார்ப்பது தெரிந்தது. தடுக்கவில்லை, தலையசைக்கவில்லை, சும்மா பார்த்தார். அதற்குள் மேளம் அடித்துவிட்டது. சேற்றைப் பொத்திக்கொண்டு, அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எட்டு அழுக்குச் சட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. தலைக்கு மேலே என் நாரைக்கொடி படபடத்தது. கூட்டத்தில் யாரோ என்னைக் காட்டிச் சிரித்தார்கள்.

கணக்கப்பிள்ளை சுருளை விரித்து வாசிக்கத் தொடங்கினார். பெயரை இழுத்து, ஆளைப் பாராமல், அடுத்த பெயருக்குப் போகும் அந்தத் தொனி. ஆலிஸ் என்றார். பின்னாலிருந்த கையை இன்னும் இறுக்கிப் பொத்தினேன். இரண்டாம் முறை, கொஞ்சம் அதட்டலாக, ஆலிஸ் என்றார். கையை உயர்த்தினேன். பழக்கத்தில் உயர்ந்தது சேறு இருந்த கை. அது மணிக்கட்டு வழியாக இறங்கி வெள்ளைச் சட்டையின் கைக்குள் ஓடியது.

அப்போதுதான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். எல்லோரும் நாற்காலிகளில் சாய்ந்து, போனில் படம் எடுத்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் அம்மா மட்டும் எழுந்து நின்றார். தலையிலிருந்த சால்வையை இறக்கித் தோளில் போட்டிருந்தார். இரண்டு கைகளும் முன்னால் கட்டியிருந்தன. பார்வை தரையில் இருந்தது. பின்னாலிருந்த ஒருவர் மறைக்கிறது என்று மெதுவாகச் சொன்னார், அது அவருக்குக் கேட்கவில்லை. கணக்கப்பிள்ளை சுருளைச் சுற்றிக் கட்டும்வரை அம்மா உட்காரவே இல்லை.