வாசல் ஆணியில் ஒரு சட்டை

வேன் ஹாரன் கேட்டதும் லூர்து அண்ணன் சட்டையைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டுகிறார். பனியனோடு நின்று, "செருப்ப வெளில வுட்டுட்டு வாங்க, வாங்க" என்று ஆட்களை உள்ளே அழைக்கிறார். வெயிலுக்காக என்று நினைப்பீர்கள். எதிர்வீட்டுக்காரன் எனக்குத் தெரியாதா? சட்டைக்குப் பின்னால் சுவரில் 'பழைய எண் 6' என்று இருக்கிறது. அதற்குக் கீழே 'புதிய எண் 14' மட்டும் பளிச்சென்று தெரியும்.

எங்கள் ராயபுரத்தில் பிறந்து பேர் வாங்கிய எழுத்தாளர் பதினாலாம் நம்பர் வீட்டுக்காரர். ஊர் ஊராகச் சுற்றும் வாசகர்கள் அந்த நம்பரைத் தேடி இங்கே வருகிறார்கள். அதுவோ பழைய பதினாலு. தெருக்கோடியில் இருந்த அந்த வீடு இப்போது லாரி டயர் குடோன். அண்ணனுக்கும் முதலில் தெரியாது. வரி ரசீதைப் பார்த்து விழித்துக்கொள்வதற்குள் நாலு வேன் வந்து போய்விட்டது. காசு வாங்கமாட்டார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனபின் அவர் வீட்டுப் படியேறியது கேஸ் சிலிண்டர்காரர் ஒருத்தர்தான். எழுத்தாளரை ஒரு வரி படித்ததில்லை. ஆனால், "இந்தக் கட்டில்ல குந்திகினுதான் எழுதுவாரு. கொசு கட்ச்சாகூட எந்திரிக்க மாட்டாரு" என்பார். கட்டில் அண்ணனுக்கு மாமனார் போட்ட சீர்.

போன ஞாயிறு கோவில்பட்டி வேன். கடைசியாகக் கைத்தடியோடு ஒரு கிழவி இறங்கினார். "எழுத்தாளரோட அக்கா, பவுனம்மாள். தண்டையார்பேட்டையில ஏத்திட்டு வந்தோம்" என்றார் ஒருவர். அண்ணன் முகம் செத்துப்போனது. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். இதைத் தவறவிடலாமா?

கிழவி கட்டிலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டார். நான் காதை நீட்டினேன்.

"இன்னா நைனா, எங்க வூடு அந்தாண்ட கோடில இல்ல கீது?"

"தப்புதாம்மா. இவுங்க முன்னால மட்டும் மானத்த வாங்காத."

"அங்க டயரு அடுக்கி வச்சிக்கீறான். இம்மாந்தூரம் வந்த ஜனம் டயரையா பாத்துட்டுப் போவும்?"

கிழவி கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"கொசு கடிச்சாலும் எந்திரிக்க மாட்டாராமே?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"யாரு, அவனா? ஒரு கொசு கட்ச்சா தெருவையே எழுப்பி வுட்ருவான்!"

ஒரு மணி நேரம் சிரிப்பு. அண்ணனும் வாய் பிளந்து கேட்டார்.

வேன் கிளம்பும்போது கிழவி சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழம வர்றேன். நீ எல்லாத்தையும் தப்புத் தப்பா சொல்ற."

அண்ணன் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, கிழவியைக் கைபிடித்து வேனில் ஏற்றினார்.