ஒரு கதவைக் கழற்றிவிட்டு வெள்ளிமலைக்கு

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என் கணவர் வீடு, ஆஸ்பத்திரி தவிர எங்கும் போகவில்லை. "வெள்ளிமலைக்குப் போய்ட்டு வரலாமா?" என்று போன ஐப்பசியில் அவராகவே கேட்டார். அந்தச் சனிக்கிழமையே எங்கள் பழைய ஜீப்பை எடுத்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம்.

வடக்கனந்தலில் டீ குடிக்க நிறுத்தியபோது அவர் பக்கக் கதவு நகரவில்லை. கிளம்பும்போதே கிறீச்சிட்டுத் திறந்த கதவுதான். வெளியிலிருந்து பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். துருவேறிய மேல் கீல் முறிந்து, கதவு கீழ்க் கீலில் தொங்கியது.

கயிற்றால் கட்டிக்கொண்டு மெதுவாகக் கச்சிராயபாளையம் போய்ச் சேர்ந்தோம். அங்கே டிங்கர் பட்டறைக்காரர் கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"ரெண்டு கீலும் மக்கிப் போச்சுக்கா. பழைய மாடலு, புதுசு ஒடனே கெடைக்காது. கதவ அப்டியே வெல்டிங் வச்சி மூடிடலாம்."

"அவர் எப்படி இறங்குவார்?"

"ஒங்க பக்கமா எறங்கச் சொல்லுங்க."

மடங்காத காலோடு கியர் கம்பியைத் தாண்டி அவரால் நகர முடியாது. "விடு, திரும்பிடலாம்" என்றார் கணவர், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. என் பக்கக் கதவுக்குப் போன வருடம்தான் கீல் மாற்றியிருந்தோம். "இந்தக் கீல்களைக் கழற்றி அவர் பக்கம் மாட்டுங்க" என்றேன்.

"அப்போ ஒங்க கதவு?"

"இங்கேயே இருக்கட்டும். திரும்பி வரும்போது எடுத்துக்கிறேன்."

"மழ வர்ற மாதிரி இருக்குதுக்கா. நனைஞ்சிக்கினே ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேன்."

கீல்களைத் தலைகீழாகத் திருப்பியதும் பொருந்தின. பழைய போல்ட்டுகள்தான் அசையவில்லை. பட்டறைக்காரர் டீசல் ஊற்றி, நெருப்புக் காட்டி, தட்டித் தட்டி இளக்கினார். நான் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம், தொள்ளாயிரம் ரூபாய்.

மலைப்பாதையில் பாதி தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெல்ட்டை இறுக்கி, இரண்டாம் கியரிலேயே ஏறினேன். வலது பக்கம் தோளிலிருந்து செருப்புவரை தொப்பலாகிவிட்டது. "நிறுத்தலாமா?" என்று அவர் கேட்டார். "மேலே போய் நிறுத்தலாம்" என்றேன். அதன்பின் அவர் கேட்கவில்லை. துண்டால் என் மூக்குக்கண்ணாடியை மட்டும் அவ்வப்போது துடைத்துக் கொடுத்தார்.

வெள்ளிமலையில் நான் இறங்கிச் சுற்றி வருவதற்குள் அவரே கதவைத் திறந்து, முதலில் கைத்தடியை ஊன்றி, பிறகு காலை ஊன்றி, மழையில் நிமிர்ந்து நின்றார். டீக்கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

பழைய வண்டியோடு மலை ஏறுபவர்களுக்கு: மழைக்காலத்துக்கு முன்பே கீல்களுக்கு எண்ணெய் விடுங்கள். இறுகிய கதவை என்னைப்போல் இழுக்காதீர்கள். எண்ணெய் ஊறும்வரை பொறுங்கள். டீசலைக் கள்ளக்குறிச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். எவ்வளவு அவசரமானாலும் கதவைப் பற்றவைத்து மூட மட்டும் சம்மதிக்காதீர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் நினைத்த இடத்தில் தானாக இறங்க வேண்டும்.