மொட்டைத் தலைக்குச் சாம்பிராணி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு என் ஆறு வயது மகள் விஜயா குறட்டை விட்டாள்.

குறட்டைக்கெல்லாம் ஒரு பத்தியா என்கிறீர்களா? இந்தக் குறட்டைக்காகத்தான் மூன்று மாதம் முன்பு வேலூரில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்றொரு சதை. வெட்டி எடுத்தார்கள். நாங்கள் இருக்கும் சித்தூர் ஆந்திராவுக்குப் போய்விட்டது. எங்கள் மூக்குகளுக்கு வைத்தியம் மட்டும் இன்னும் மதராஸ் ராஜ்யத்தில்தான்!

கிளம்பும்போது வேலூர் டாக்டர் சொன்னார்: “அபூர்வமா திரும்ப வளரலாம். சளி பிடிச்சா உடனே கவனிங்க. தூசி, புகை ஆகாது.”

அன்றே வீட்டில் ராணுவச் சட்டம். மெத்தையை வெயிலில் போட்டு அடித்தேன். கணவரின் சிகரெட்டைத் தெருவுக்கு நாடு கடத்தினேன் — கணவரோடு சேர்த்து.

பிறகு வேண்டுதல். போன வாரம் திருப்பதி மலையில் விஜயாவுக்கு மொட்டை. அந்தக் குளிரில், ஈரத் தலையோடு... சளி பிடிக்காதா? இறங்கி வந்த நாளிலிருந்து காலை, மாலை சாம்பிராணி போட்டேன். மயிரே இல்லாத தலைக்கு! ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு.

அப்படியும் குறட்டை. வாய் பிளந்து கிடந்தது. மறுபடி வேலூரா? மறுபடி அந்த மயக்க மருந்தா? “அம்மா, உட்டுட்டுப் போவாத” என்று அன்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

“திரும்ப வளந்துகினு வருது போல... டாக்டரைக் கூட்டினு வாங்க!” தெருவைப் பார்த்துக் கத்தினேன்.

“சர்க்கார் போட்ட எல்லைக்கோடே நகந்துகினு கீது. மூக்குல வெட்டுனது மட்டும் சும்மா இருக்குமா?” என்றார் கணவர், சிகரெட்டை மிதித்து அணைத்தபடி. கேலியெல்லாம் வாயில்தான். செருப்புகூட மாட்டாமல் சைக்கிளில் பறந்தார்.

அதுவரை நான் சும்மா இருப்பேனா? இன்னொரு பிடி சாம்பிராணி அள்ளிப் போட்டேன்.

ஐந்து மணிக்கு எங்கள் ஊர் டாக்டர் வந்தார். வாசற்படியிலேயே மூன்று தும்மல். குட்டிக் கண்ணாடியை விஜயாவின் வாய்க்குள் விட்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஒண்ணும் வளரலம்மா. மூக்குதான் வீங்கிக்கினு கீது. புகை ஆகாதுன்னு வேலூர்ல சொல்லலியா?”

“அதான் அவரைத் தெருவுக்கு அனுப்பிட்டேனே, டாக்டர்!”

சாம்பிராணி எப்படிப் புகையாகும், நீங்களே சொல்லுங்கள்! அது மருந்தில்லையா?

டாக்டர் தூபக்காலைப் பார்த்தார். வெறுங்காலோடு தெருவில் நின்ற என் கணவரையும் பார்த்தார்.

“பாவம், அந்த மனுஷனை உள்ள உடுங்கம்மா. சிகரெட்டோட இதையும் தெருவுல வைங்க.”