கல்லவ்வாவின் ஈறு நீர்

எங்கள் பொரிச் சந்தில் கல்லவ்வாவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. ஹுப்பள்ளி வெயிலில், பொரி அடுப்பின் முன்னால் நாளெல்லாம் நிற்கிறவளுக்குச் சாந்தமாகப் பேச எங்கே வரும்? அந்த வாயில்தான் கோளாறு வந்தது. சோள ரொட்டியைக் கடித்தால் ரத்தம். முன்பற்கள் நாக்கு பட்டாலே ஆடின.

"இந்த வயசுலயே பொக்கை வாயோட எவன்கிட்ட சண்டை போடுறது?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாள்.

அங்கே மேல்படிப்பு படிக்கும் டாக்டர் அக்ஷதா அவளைத் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்டாள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஊறும் நீரைச் சின்னக் காகிதத் துண்டில் ஒற்றி எடுப்பார்கள். ஈறு உள்ளே எவ்வளவு அழன்று கிடக்கிறது என்பதை அந்த நீர் காட்டிக்கொடுக்குமாம். வேர்வரை சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஒற்றிப் பார்ப்பார்கள். அழற்சி அடங்காத இடத்தில் ஈறைத் திறந்து வைத்தியம். ஆய்வில் இருக்கிறவர்கள் காசு கட்ட வேண்டாம்.

"பீடி, குட்கா, புகையிலை ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டாள் அக்ஷதா.

"சீ! எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் அதைத் தொட மாட்டோம். என் புருஷனைக் கேளுங்க, அவன் வாய்தான் சாக்கடை."

முதல் முறை நீர் எடுத்தார்கள், சுத்தம் செய்தார்கள். சில வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

மறுபடி போன அன்று கல்லூரிக் குழாயடியில் கல்லவ்வா இடுப்பிலிருந்த டப்பாவைத் திறந்து, விரலால் பொடியைத் தொட்டு, பாத்திரம் விளக்குகிற மாதிரி பல்லைத் தேய்த்தாள். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. சந்தில் நாங்கள் எல்லோருமே மிஸ்ரி என்கிற அந்தக் கறுப்புப் பொடியில்தான் பல் துலக்குவோம்.

நாற்காலியில் உட்கார வைத்து அக்ஷதா காகிதத்தை வைத்தாள். சிவப்பு. இன்னொன்று வைத்தாள். அதுவும் சிவப்பு.

"ரத்தம் பட்டா இது குப்பைக்குத்தான் போகும். ஈறை என்ன பண்ணீங்க?"

"உங்க முன்னாடி நாறுற வாயோடவா உக்காருவேன்? நல்லாத் தேச்சுட்டுத்தான் வந்தேன்."

டப்பாவை வாங்கி மோந்து பார்த்த அக்ஷதாவின் முகம் சுண்டிப்போனது. "இது வறுத்த புகையிலை! புகையிலை உண்டான்னு நான் கேட்டேனே!"

"இது பல்பொடி. இதை யாராவது பழக்கம்னு சொல்லுவாங்களா?"

"இதுதான் உங்க ஈறைத் தின்னுட்டு இருக்கு! புகையிலை போடுறவங்களை ஆய்வுல சேர்க்கவே கூடாது. என் உழைப்பும் இதோட போச்சு!"

சத்தம் கேட்டுப் பேராசிரியர் தேசாயி வந்தார். கல்லவ்வாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இந்த கேஸை நீக்கிடு. வேற ஆளைப் பாரு."

"ஐயா, அப்ப என் பல்லு?"

"கீழே போய்ப் புதுசா சீட்டு போடுங்க. இனிமே பணம் கட்டணும்."

கல்லவ்வா நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "என் ஈறு நீரு வேணும்னப்ப 'அக்கா அக்கா'ன்னீங்க. இப்ப நான் குப்பைக் காகிதமா? உங்க படிப்புலேருந்து நீக்கிக்கோங்க. இந்த நாற்காலியை விட்டு யாரு எந்திரிக்க வைக்கிறான்னு பாக்குறேன்!"

தேசாயி பல்லைக் கடித்தார். ஆனால் பேசியது அக்ஷதாதான். அதுவரை கல்லவ்வாமேல் இருந்த கோபம் அப்படியே அவர் பக்கம் திரும்பிவிட்டது. "சார், ஆய்விலேருந்து எடுத்துடுறேன். வைத்தியத்தை ஆரம்பிச்சது நான். பாதியில விட மாட்டேன்."

அவர் விருட்டென்று வெளியே போனார். அக்ஷதா இந்தப் பக்கம் திரும்பினாள். "இனிமே அந்த டப்பாவைத் தொட்டீங்க, எல்லாப் பல்லையும் நானே பிடுங்கிடுவேன்!"

"மெரட்டாதீங்க, டாக்டரம்மா. மொதல்ல இருக்கிறதைக் காப்பாத்துங்க."

வீட்டுக்கு வந்ததும் டப்பாவை அப்படியே பொரி அடுப்புக்குள் எறிந்தாள். புகைக் காரத்தில் சந்தே இருமியது. கணவன் ஈரப்பா ஓடி வந்தான். "அடியே, உனக்காக ஆசையா என் கையால வறுத்ததுடி!"

"உன் ஆசைதான்டா என் வாயைக் கெடுத்துச்சு!"

ஒரு முன்பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்து தைத்தார்கள். மெல்ல மெல்லப் பற்கள் நின்றன. சோள ரொட்டியைக் கடிக்கிறாள். திட்டும்போது மட்டும் அந்தப் பல் போன சந்தில் காற்று சீறும்.

தையல் பிரித்த மறுநாள் காலை குழாயடியில் என் மிஸ்ரி டப்பாவைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.