ஐந்து வெட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. அது சாயங்காலம் வரை நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே அடுப்பு மூட்டினேன். மதியம் ஒயிட்ஃபீல்டு தாண்டி ஒரு பழைய கல் குவாரியில் மோட்டார் சைக்கிள் ரேஸ். தார் ரோட்டில் ஓட்டுகிற ரேஸ் இல்லை. மேடு, பள்ளம், சேறு எல்லாவற்றிலும் வண்டியோடு எகிறிக் குதித்து ஓட்டுவது. என் வீட்டுக்காரர் அதில் ஓட்டுவதாக இருந்தார்.

முந்தின ரேஸில் அவர் கீழேகூட விழவில்லை. ஒரு மேட்டிலிருந்து குதித்து இறங்கியபோது வண்டியின் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க், உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் இருக்கும் இரட்டைக் குழாய், அடிவரை போய் இடித்தது. அந்த இடி கை வழியாக ஏறி இடது காறை எலும்பை முறித்துவிட்டது. கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இன்னொரு இடி அதே இடத்தில் பட்டால் அந்தக் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் என்னிடமும் சொன்னார். என் வீட்டுக்காரர் ஃபிட்டர். கை இல்லாத ஃபிட்டரை யார் வைத்துக்கொள்வார்கள்?

ஆனால் வேலையும் அப்போது இல்லை. ஃபாக்டரியில் ஆள் குறைத்தபோது அவரையும் நிறுத்தியிருந்தார்கள். வண்டி ஒரு காப்பித் தோட்டக்காரருடையது. இந்த ரேஸில் ஓட்டினால் தன் வொர்க்‌ஷாப்பில் வேலை தருவதாக அவர் சொல்லியிருந்தார். போகவேண்டாம் என்று நான் ஒரு வாரமாகக் கெஞ்சினேன். சாப்பிடாமல் கிடந்தேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தங்கவயலுக்கு, என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும் சொன்னேன். எதற்கும் அவர் மசியவில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில் எங்கள் வீடு. வாசலில் தகரக் கொட்டகை. அதற்குக் கீழே வண்டியை மரப்பெட்டிமேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். என் வீட்டுக்காரருடைய சிநேகிதர், ஃபாக்டரியில் கூட வேலை செய்தவர், ஃபோர்க் ஆயில் மாற்ற வந்திருந்தார். கன்னடக்காரர். எனக்கு அவர் முன்னால் பேச வராது. என்னை 'அத்திகே' என்று அண்ணி முறை வைத்துத்தான் கூப்பிடுவார். மழையில் ரேஸ் நின்றுவிடுமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னேன். சேறு இருந்தால்தான் ஜனம் பார்க்க வரும் என்று சிநேகிதர் சிரித்தார்.

ஃபோர்க்கின் இரண்டு குழாய்களிலும் அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருந்தது. அதைக் கழற்றி, ஹேண்டிலைப் பிடித்து அழுத்தியதும் பழைய ஆயில் கறுப்பாகச் சாக்கடை நாற்றத்தோடு பீச்சியது. தண்ணீர் மாதிரி இருந்தது. போன தடவை இடித்ததற்கு இதுதான் காரணம் என்றார் அவர். புது ஆயிலை அளந்து ஊற்ற வேண்டுமாம். "கம்மியானா இடிக்கும். ஜாஸ்தியானா இன்னும் மோசம். உள்ளே காத்துக்கு ஜாகா இல்லாம கம்பி மாதிரி நின்னுடும், எலும்பு மறுபடி போயிடும்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். எனக்கும் கேட்கட்டும் என்று சொன்னாரோ என்னவோ.

அளக்க எங்களிடம் இருந்தது பெரியவனுடைய இருமல் மிக்ஸ்சர் பாட்டில். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வெட்டாகக் காகிதம் கத்தரித்து அதில் கம்பவுண்டர் ஒட்டியிருந்தார். மொத்தம் எட்டு வெட்டு. ஒரு குழாய்க்கு ஐந்து வெட்டு ஆயில் என்று சிநேகிதர் கணக்குப் போட்டார். என் வீட்டுக்காரர் இடது கைக்கு வேலை கொடுக்காமல் வலது கையால் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டார். புனலில் ஊற்றும் வேலை எனக்கு வந்தது.

முதல் குழாயில் ஐந்து வெட்டு சரியாக ஊற்றினேன். பாட்டிலை மறுபடி நிரப்பியபோது ஆயில் வழிந்து காகிதம் நழுவி என் விரலில் ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை, கண் அளவு போதும் என்று சிநேகிதர் கீழே உட்கார்ந்தார். அடி ஸ்க்ரூ கசிகிறதா என்று விரல் வைத்துக்கொண்டு பாட்டிலையும் அண்ணாந்து பார்த்தார். நான் ஊற்றத் தொடங்கியதும் மழை வலுத்தது. தகரத்தில் கல் கொட்டுவதுபோல் சத்தம். பாதிக்குமேல் ஊற்றியிருந்தபோது அவர் ஏதோ சொன்னார். 'ஹாக்கு' என்று என் காதில் விழுந்தது. கன்னடத்தில் ஊற்று என்று அர்த்தம், இன்னும் வேண்டும்போல என்று நினைத்தேன். ஊற்றினேன். அவர் குனிந்து ஸ்க்ரூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டில் காலியாகும்வரை ஊற்றிவிட்டு, கழுவ உள்ளே எடுத்துப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஆயில் ஊற்றின வாயை நட்டுப் போட்டு மூடியிருந்தார்கள். ஹேண்டிலை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றார்கள். மழை விட்டிருந்தது.

காப்பி கொடுத்தேன். சிநேகிதருக்கு இன்னும் கொஞ்சம் விடப் போனேன். அவர் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு, "சாக்கு, அத்திகே, சாக்கு" என்றார். போதும் என்று அர்த்தம்.

மழையில் கேட்ட அதே சத்தம். அந்த மனிதர் என்னிடம் ஒருநாளும் 'ஹாக்கு' என்று சொன்னதில்லை. மரியாதையாக 'ஹாக்கி' என்றுதான் சொல்வார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மழையில் தோன்றவில்லை.

சொன்னால் என் வீட்டுக்காரர் சரி செய்துகொண்டு போவார். சொல்லாவிட்டாலும் போவார். அவரை நிறுத்த எனக்கு வழியே இல்லை. வாசற்படியிலேயே நின்று, "என்னங்க, அந்தப் பக்கம் ஆயில் ஜாஸ்தி ஆயிடுச்சி" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆரம்பிச்சிட்டாடா. ஒரு வாரமா அழுது பாத்தா. பட்டினி கிடந்து பாத்தா. இப்போ மெக்கானிக் ஆயிட்டா."

சிநேகிதர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு பூட்ஸைத் தேடினார். அத்தனை நாள் அழுததெல்லாம் எனக்கு எதிராகவே நின்றது. நான் என்ன சொன்னாலும் தடுக்கத்தான் சொல்கிறேன் என்றுதான் படும்.

உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்தேன். விரலிலிருந்து அரிசிப் பானை மூடிமேல் வழித்துப் போட்டிருந்த காகிதத்தையும் எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வேற்று ஆண் ஒருவருக்கு நேராக நின்றேன். "அண்ணா, நீங்க சாக்குனு சொன்னீங்க. எனக்கு ஹாக்குனு கேட்டுச்சி. பாட்டில் பூரா ஊத்திட்டேன். எட்டு வெட்டு" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஒன்றும் கேட்காமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். காகிதத்தைத் திரும்பப் பாட்டிலில் ஒட்டி, அடி ஸ்க்ரூவைக் கழற்றி ஆயிலை அதில் பிடித்தார். ஆயில் மெதுவாக இறங்கியது. ஐந்தாவது வெட்டைத் தாண்டியது. ஆறு. ஏழாவதையும் தாண்டியபோது என் வீட்டுக்காரர் கையில் ஒரு பூட்ஸோடு பக்கத்தில் வந்து நின்றார். அவர் கை தானாகப் போய்க் காறை எலும்பைத் தொட்டுக்கொண்டது.

"இந்த வண்டியிலயா குதிக்கப் போனேன்" என்றார் கடைசியில்.

போகாமல் அப்படியே நின்றுவிடுவார் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். அவர் குனிந்து கையிலிருந்த பூட்ஸையும் மாட்டினார். இந்தத் தடவை ஐந்து வெட்டு ஊற்றியதும் சிநேகிதர் இரண்டு கையையும் உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

அவர்கள் போனபின் நான் வீட்டில் எந்த வேலையும் செய்யவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் கதவுக்கு ஓடினேன். சின்னவன் பசிக்கிறது என்றதுகூடக் காதில் ஏறவில்லை. இருட்டும் நேரத்தில் தலைமுதல் கால்வரை சேறாக வந்தார். இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தது. இடது கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தோட்டக்காரருக்கு ரொம்ப சந்தோஷம், வேலை நிச்சயம் என்றார். ஃபோர்க் ஒரு இடத்திலும் இடிக்கவில்லையாம். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "அடுத்த மாசம் ஹாசன் பக்கத்துல ஒண்ணு இருக்கு. இனிமே ஆயில் நீயே ஊத்து" என்றார்.

இதுதான் கடைசி ரேஸ் என்று நினைத்துக்கொண்டுதான், அவர்கள் கிளம்பும்போதே நான் அந்தப் பாட்டிலை மறுபடி மருந்துக்கு ஆகும்படி தேய்த்துக் கழுவி வைத்திருந்தேன்.