சண்முகையா அண்ணாச்சியின் நாக்கு

சங்கரன்கோவிலில் எந்த ஓட்டலிலும் சண்முகையா அண்ணாச்சி முதலில் வைத்ததைத் தின்றதாகச் சரித்திரம் இல்லை. உரக்கடை முதலாளி. ஒரு வாய் வைப்பார், முகத்தைச் சுளிப்பார், "புளிச்சிட்டு வே, மாத்தும்" என்பார். உடனே மாற்றி வைப்பார்கள். அந்த மரியாதையில்தான் அவருக்கு வயிறே நிறையும்.

போன மாதம் பெங்களூரில் மருமகன் ஆனந்தகுமார், சொந்தமாகவே பீர் காய்ச்சி விற்கிற ஒரு கடைக்கு அவரை அழைத்துப் போனார். கோதுமை பீர் வந்தது. அண்ணாச்சி ஒரு வாய் வைத்தார். "புளிச்சிட்டு. மாத்தச் சொல்லுங்க மாப்ள."

பரிமாறியவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாரம்பரிய முறையில் வேண்டுமென்றே புளிக்க வைத்த பீராம் அது. முதல் வாயிலேயே கண்டுபிடிக்கிற நாக்கு ரொம்ப அபூர்வமாம். பாராட்டை எப்படித் திருப்பி அனுப்புவது? அண்ணாச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஊருக்கு வந்ததும் இசக்கிசெல்வியின் மெஸ்ஸில், அத்தனை கூட்டத்துக்கும் நடுவில், "பாரம்பரியம்னா புளிக்கத்தான் செய்யும். அதை ரசிக்கதுக்கு ஒரு நாக்கு வேணும்வே" என்று வகுப்பெடுத்தார்.

மறுநாள் காலை அதே மெஸ்ஸில் தேங்காய்ச் சட்னியைத் தொட்டு நக்கிவிட்டு இலையைத் தள்ளினார். "புளிச்சிட்டு, மாத்தித் தாம்மா."

கல்லாவில் இருந்த இசக்கிசெல்வி தலைகூட நிமிரவில்லை.

"பாரம்பரியம் அண்ணாச்சி. நுரைகூடக் கட்டியிருக்கு, பாருங்க."